நங்கையாவோடு சேலத்தில் ஒரு ராத்திரி

எங்கள் வீட்டில் சேலம் என்றால் ஆஸ்பத்திரி என்று அர்த்தம். யாராவது "நாளைக்குச் சேலம் போகோணும்" என்று சொன்னால், எதிரே இருப்பவர் முதலில் கேட்பது "யாருக்கு என்ன?" என்பதுதான். நாமக்கல்லில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். எத்தனையோ முறை இறங்கியும் இருக்கிறோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்த சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டர், ஒரு மருந்துக்கடை, வெளியே ஓர் இளநீர் வண்டி, திரும்பி வர பஸ் ஸ்டாண்டு, இவ்வளவுதான் உண்டு. அந்த ஊரில் ராத்திரி ஆனால் ஜனங்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள், வண்டிக்கடைகளில் விதவிதமாகத் தின்பார்கள், ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு பம்பை அடிப்பார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டதோடு சரி.

எனக்குத் தெரிந்த ராத்திரி வேறு. நான் நாமக்கல்லில் விடுதியோடு கூடிய ஒரு பெரிய பள்ளியில் கணக்கு டீச்சர். வாரத்தில் நான்கு நாள் ஒன்பதரை மணி வரைக்கும் ஸ்டடி ஹாலில் நடந்துகொண்டிருப்பேன். முந்நூறு பிள்ளைகள் மூச்சு விடும் சத்தமும் மேலே ஃபேன் சுற்றும் சத்தமும்தான் எனக்கு ராத்திரிச் சங்கீதம்.

அந்த வருடம் நாங்கள் அடிக்கடி சேலம் போனது நங்கையாவுக்காக. என் கணவரின் அக்காவை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் அவருக்குச் சொந்தமாகக் கோழிப்பண்ணை இருக்கிறது. பண்ணையின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருக்கும் ஆளைக் கூப்பிட அவருக்கு போன் தேவைப்பட்டதே இல்லை. அப்படி ஒரு குரல். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களிலும், நோம்பி என்று நாங்கள் சொல்லும் கோயில் திருவிழாக்களிலும் பெண்கள் கும்மி அடித்தால் முன்பாட்டுப் பாடுவது எப்போதும் அவர்தான். ஒரு வரியை அவர் எடுத்து மேலே தூக்கி எறிவார், இருபது பெண்கள் கீழே நின்று பிடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கழுத்தில்தான் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் பேசவே கூடாது என்றார்கள். எங்கள் வீட்டுக்கே வந்து தங்கிய நங்கையா ஒரு டம்ளரையும் கரண்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு தட்டுத் தட்டினால் என் கணவர் போகவேண்டும், இரண்டு தட்டினால் நான். தொடர்ந்து தட்டினால் பண்ணையில் ஏதோ தப்பு நடக்கிறது என்று பொருள். மாதம் முடிந்து வாயைத் திறந்தபோது குரல் வந்தது. ஆனால் அது வேறு யாருடையதோ போல இருந்தது. தடித்து, தாழ்ந்து, ஓரத்தில் கரகரப்போடு.

சித்திரையில் எங்கள் ஊர் நோம்பி வந்தது. பெண்கள் வட்டம் கட்டியதும் எல்லாரும் நங்கையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, "தொண்டை செரியில்ல சாமி, நீங்க பாடுங்க" என்று பின்வரிசைக்குப் போய்விட்டார். கை மட்டும் தட்டினார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, கடைசியாகச் சோதித்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் அன்றும் மறுநாளும் விடுமுறை என்பதால் நான் கூடப் போனேன். டாக்டர் இளவயசுக்காரர், பெரிய கண்ணாடி போட்டவர். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கீங்கம்மா. இனி வருசத்துக்கு ஒருவாட்டி வந்தாப் போதும்" என்றார்.

நங்கையா எழுந்திருக்கவில்லை.

"பேசலாமுங்களா?"

"பேசிட்டுத்தானே இருக்கீங்க?"

"சத்தம் போட்டுப் பேசலாமுங்களா?"

"பேசுங்க."

"பாடலாமுங்களா?"

டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவிட்டு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "தாராளமாப் பாடுங்க. பழைய மாதிரி மேல போகாது. அது போகாதுங்கிறதை ஒத்துக்கணும். ஆனா பாடக் கூடாதுன்னு ஒண்ணுமில்ல."

"செரிங்" என்றார் நங்கையா. மாடிப்படி இறங்கினோம். இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். நான் இரண்டு காய் சொல்லப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எளநீ வேணாம் அம்முணி. எட்டு மாசமா இதே எளநீ. இன்னைக்கு ஊட்டுக்குப் போயே ஆகோணுமா?"

"போகாம எங்க போறதுங்க நங்கையா?"

"இத்தன நாளா இந்த ஊருக்கு வந்து போறேன். ஊசி போட்ட எடத்தத் தவிர ஒண்ணையும் பாக்கல. உன்ற கூட்டாளிப் புள்ள இங்கதான ரயில்வேல இருக்குது? கூப்புடு அதை."

என் கல்லூரித் தோழியைத்தான் சொன்னார். அவள் சேலத்துக்காரி. அம்மாபேட்டையில் தறி ஓடும் தெருவில் பிறந்து வளர்ந்தவள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்க்கிறாள், சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறாள். எத்தனையோ தடவை என்னைத் தங்கச் சொல்லிக் கூப்பிட்டு, நான் ஒருமுறைகூடப் போனதில்லை. போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்தியது பக்கத்தில் இருந்த நங்கையாவுக்கே கேட்டது.

"ஆடி மாசம், சனிக்கிழமை, எனக்கு ரெஸ்ட் வேற! எங்க அம்மா வீட்டுத் தெருவுல இன்னைக்குத்தான்டி பம்பை. அப்படியே டவுன் பஸ் ஏறி வா. எதையும் தின்னுட்டு வந்துடாத, சொல்லிட்டேன்."

அடுத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டும். என் கணவர் முதலில் பயந்துபோனார். "ஏன், அக்காவை அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்களா?" இல்லை, சும்மா ஊர் பார்க்கத் தங்குகிறோம் என்றேன். அது அவருக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. "அப்ப அக்கா பண்ணைல முட்டை யாரு எடுக்குறது?" என்றார். நங்கையா போனை என்னிடமிருந்து வாங்கி, "கோழிக்கு முட்டை போடத் தெரியுதில்ல? உனக்குப் பொறுக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அணைத்துவிட்டார்.

தோழி எங்களை வீட்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காரவிடவில்லை. முகம் கழுவி, பவுடர் போட்டு, பூ வைத்து, ஆறு மணிக்கெல்லாம் வெளியே இழுத்துவந்துவிட்டாள். "மொதல்ல தட்டுவடை. அதுக்கு ஒரு வரிசை இருக்கு. நான் சொல்றபடி சாப்பிடணும்" என்றாள். டிக்கெட் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாரையும் வரிசையில் நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வண்டிக்கடை. ஒரு கரண்டி எண்ணெய்கூட அங்கே காய்ச்சப்படவில்லை, ஆனால் கூட்டம் நெரிந்தது. கடைக்காரரின் கைகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. உள்ளங்கை அகலத் தட்டையை வைத்தார், அதன்மேல் பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதற்குமேல் சிவப்புச் சட்னி தடவிய இன்னொரு தட்டை. சேர்த்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் பாதி புடவையில் விழும். நான் கடித்துச் சாப்பிட்டேன். பாதி புடவையில் விழுந்தது.

நங்கையா தன் முதல் தட்டுவடையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். எட்டு மாதமாக அவர் சாப்பிட்டதெல்லாம் கஞ்சி, குழைந்த சோறு, இட்லி. காரத்தையும் மொறுமொறுப்பையும் கண்டாலே கழுத்தைத் தொட்டுக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். தட்டை நொறுங்குவது எனக்குக் கேட்டது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நங்கையா, வலிக்குதுங்களா?"

வாயில் நிறைய இருந்ததால் கையை ஆட்டினார். விழுங்கிவிட்டு, "காரம் சாமி. நல்ல காரம்" என்றார். "இன்னொண்ணு வைக்கச் சொல்லு."

அடுத்து முட்டை நொறுக்கல் வந்தது. தட்டையையும் முறுக்கையும் கையாலேயே நொறுக்கி, வேகவைத்த முட்டையை அதில் சிறு சிறு துண்டாகப் போட்டுச் சட்னியோடு கலக்கித் தருவது. நங்கையா ஒரு துண்டு முட்டையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"முட்டை எங்கிருந்து வருதுங்க?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"நாமக்கல்தாங்கம்மா."

"பாரு அம்முணி, நம்மூருல வெள்ளையா வெறும் முட்டையாக் கெடந்தது, இங்க வந்து என்ன வேசம் கட்டிட்டு நிக்குதுன்னு!"

கடைக்காரர் சிரித்தார். தோழியும் சிரித்தாள். நானும் வாய் நிறைய நொறுக்கலோடு சிரிக்க முயன்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "வணக்கம் மேடம்!" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினால், என் வகுப்பில் பத்தாவது படிக்கும் பையனின் அப்பா. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். பெற்றோர் கூட்டத்தில் என் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். இப்போது நான் அவர் முன்னால் மோவாயில் சிவப்புச் சட்னியோடு நின்றேன். பேசவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"பையன் இப்ப எப்படிங்க மேடம், டிரிக்னாமெட்ரில?"

நான் தலையை மேலும் கீழுமாக ஆட்டினேன். அதை அவர் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு மலர்ந்துபோனார். "ரொம்ப சந்தோசம் மேடம். எல்லாம் உங்களாலதான்" என்றவர், கடைக்காரரிடம் "டீச்சருக்கு இன்னொரு செட்டு வைங்க, என் கணக்குல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பையன் அந்த வாரத் தேர்வில்கூட டிரிக்னாமெட்ரியில் தேறவில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து அம்மாபேட்டை போனோம். வழியெல்லாம் சீரியல் பல்பு. வேப்பிலைத் தோரணம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்பீக்கர், ஒன்றின் பாட்டு முடியும் முன்பே அடுத்ததன் பாட்டு மேலே வந்து விழுந்தது. மேட்டூர் அணை மீனை மசாலா தடவி அடுக்கி வைத்திருந்த ஒரு வண்டியைப் பார்த்து நங்கையா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். "வரும்போது அக்கா, வரும்போது" என்று தோழி ஆட்டோவை நிற்கவிடாமல் ஓட்டச் சொன்னாள்.

தோழியின் அம்மா வீட்டுத் தெரு ஒடுக்கமானது. அன்று தறிகள் ஓடவில்லை. தெருவின் நடுவில் சின்னப் பந்தல், அம்மன் படம், கூழ் அண்டாக்கள். பந்தலுக்குப் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் நாயனம், ஒருவர் கையில் வளையமாய்ப் பெரிய சிலம்பு. நடுவில் இருந்தவர்தான் பம்பைக்காரர். அறுபது வயதிருக்கும், நெற்றி முழுக்கத் திருநீறு. இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு மேளம், ஒன்று பித்தளை, ஒன்று மரம். அவர் அடிக்க ஆரம்பித்ததும் ஸ்பீக்கர் பாட்டெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தச் சத்தம் காதில் விழவில்லை. நேரே வயிற்றில் விழுந்தது.

பெண்கள் வட்டம் கட்டினார்கள். நைட்டியின் மேல் துண்டு போட்டவர்கள், பட்டுப்புடவைக்காரர்கள், சுடிதார் போட்ட கல்லூரிப் பெண்கள் என எல்லாரும் கலந்து. முன்பாட்டுப் பாட ஒரு கல்லூரிப் பெண் மைக்கோடு நின்றாள். அழகான குரல். ஆனால் பாட்டு மனப்பாடம் இல்லை. கையிலிருந்த போனைப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். மழை வேண்டி அம்மனை அழைக்கும் பாட்டு. பெண்கள் கையைத் தட்டிக்கொண்டு சுற்றினார்கள். நங்கையா என் பக்கத்தில் நின்று, யாருக்கும் தெரியாமல் பெருவிரலால் சுண்டுவிரலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது அடியோ ஆறாவது அடியோ, அந்தப் பெண் பாதி வரியில் நின்றுவிட்டாள். யாரோ அவளுக்கு போன் செய்துவிட்டார்கள். திரையில் வரிகள் போய் அழைப்பு வந்துவிட்டது. அவள் பதறி எதையோ அழுத்த, பாட்டு போன இடமே தெரியவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது, பம்பை அடித்துக்கொண்டிருக்கிறது, வரி இல்லை. பம்பைக்காரர் அதே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துச் சமாளித்தார்.

அப்போது என் பக்கத்திலிருந்து அடுத்த வரி வந்தது. நங்கையா பாட நினைத்துப் பாடவில்லை என்று பிறகு சத்தியம் செய்தார். தட்டுத் தடுமாறி விழப்போகிறவரை நாம் யோசித்தா பிடிக்கிறோம், அப்படித்தான் வாய் தானாகத் திறந்துகொண்டது என்றார். அந்தக் கல்லூரிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். யோசிக்காமல் மைக்கைக் கொண்டுவந்து நங்கையாவின் கையில் திணித்துவிட்டாள்.

"அய்யோ, நான் வெளியூரு, ஒறம்பரைக்கு வந்தவ சாமி, வேற ஆரையாச்சும்…" என்று நங்கையா சொன்னது மைக்கில் தெரு முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். தோழி அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். டாக்டர் தாராளமாகப் பாடலாம் என்றார், சரி. அதற்காக அன்றைக்கே, மைக்கில், முன்பின் தெரியாத தெருவிலா?

நங்கையா தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பழைய வழக்கப்படி வரியை எடுத்து மேலே வீசினார். பாதி உயரத்தில் குரல் உடைந்தது. கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் காற்று. ஸ்பீக்கர் அதையும் பெரிதாக்கித் தந்தது. யாரோ ஒன்றிரண்டு பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நங்கையாவின் முகம் சித்திரை நோம்பியில் பார்த்த முகமாகிவிட்டது. மைக்கைத் திருப்பித் தரக் கையை நீட்டினார். நான் போய் அவரைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பம்பைக்காரர்தான் இரண்டடி முன்னால் வந்தார். அடியை நிறுத்தவில்லை, மெதுவாக்கினார், அவ்வளவுதான்.

"அம்மா, பாட்டு உங்களுக்குத் தெரியுது. எதுக்கு மேல ஏர்றீங்க? மேல போறதுக்கு நம்மகிட்ட நாயனம் இருக்குது. நீங்க தரையிலயே நடங்க. நான் கூடவே வர்றேன்."

சொல்லிவிட்டுப் பித்தளை மேளத்தை விட்டு மர மேளத்துக்கு மாறினார். தும், தும் என்று தாழ்ந்த அடி. நங்கையா ஒரு சுற்று முழுக்கக் கேட்டார். பிறகு கீழே, மிகவும் கீழே, பேசுவது போல ஆரம்பித்தார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். பாரம் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் கொல்லிமலை ஏறும் லாரி. வேகம் இல்லை, பளபளப்பு இல்லை, ஆனால் நிற்காது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு வரி போனது. நாயனக்காரர் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினார். பெண்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். நாலாவது வரியில் நங்கையா கண்ணைத் திறந்தார். ஆறாவது வரியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் அவர் இடுப்பில் கை வைத்தால் இனி ஒரு மணி நேரத்துக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

தெரிந்த பாட்டெல்லாம் முடிந்ததும் சொந்தமாகக் கட்ட ஆரம்பித்தார்.

"கழுத்துல கத்தி வெச்ச கண்ணாடி டாக்டரு
கத்திப் பாடச் சொல்லிட்டாரு, காதப் பொத்துங்க ஊராரு!"

தெருவே சிரித்தது. அந்த வரியைப் பெண்கள் நாலு முறை திருப்பிப் பாடினார்கள். இதற்குள் தோழி என் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டாள். நான் வாழ்க்கையில் கும்மி அடித்ததில்லை. நங்கையா மாதிரி ஒருவர் குடும்பத்தில் இருந்தால் மற்றவர்கள் தண்ணீர் கொண்டுவரும் வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு குனிந்தேன். நான் குனியும்போது எல்லாரும் நிமிர்ந்தார்கள். நான் இடதுபுறம் திரும்பியபோது மொத்தத் தெருவும் வலதுபுறம் திரும்பியது. நங்கையா இதைக் கவனிக்காமலா இருப்பார்?

"தட்டுவட ரெண்டு செட்டு தனியாத் தின்ன டீச்சரு
தாளந் தப்பி ஆடுறாங்க, தள்ளி நில்லுங்க ஊராரு!"

எனக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வேர்த்து, மூச்சு வாங்கி, சிரித்து, கடைசியில் தாளம் எப்போது பிடிபட்டது என்றே தெரியாமல் பிடிபட்டது. எண்ணுவதை நிறுத்தியதும் பிடிபட்டதோ என்னவோ.

பத்து மணிக்கு மைக்கை அணைக்க வேண்டும் என்று போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். ஒரு பாட்டு முடியும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுத்தான் சொன்னார். நங்கையா மைக்கைக் கொடுத்துவிட்டுப் பம்பைக்காரரிடம் போனார். என்ன பேசினார்கள் என்று முழுதாகக் கேட்கவில்லை. "நல்லவேளை, கீழ எறக்கிவிட்டீங்க" என்று இவர் சொன்னதும், "நாப்பது வருசமா அடிக்கிறேன்மா, கீழ பாட ஆளு கெடைக்கிறதுதான் கஷ்டம்" என்று அவர் சொன்னதும் மட்டும் காதில் விழுந்தன.

பசி திரும்பவும் வந்திருந்தது. மீன் வண்டியில் வறுவல் தீர்ந்துபோயிருந்ததால் நங்கையா தோழியை ஒரு முறை முறைத்தார். அதற்குப் பதிலாக அவள் எங்களை எசென்ஸ் தோசைக்குக் கூட்டிப்போனாள். கறிக் குழம்பின் சாறைத் தோசையின் மேலேயே ஊற்றி முறுகவிட்டுத் தருகிறார்கள். பதினோரு மணிக்கு அந்தக் கடையில் உட்கார இடமில்லை. குழந்தை குட்டியோடு குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களை, மூன்று பெண்கள் இந்நேரத்தில் என்ன என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நங்கையா என்னைத் தட்டி எழுப்பினார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

எனக்குத் தூக்கம், களிப்பு எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. எட்டு மாத வைத்தியத்தை ஒரே ராத்திரியில் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். என் கணவருக்கு என்ன பதில் சொல்வேன்? ஆஸ்பத்திரி நம்பருக்கு போன் செய்தேன். டூட்டியில் இருந்த நர்ஸ் எடுத்தார்.

"நேத்து என்ன பண்ணாங்க?"

"பாடினாங்கங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை மணி நேரம்."

"ரெண்டரை மணி நேரம் பாடினா எனக்கே தொண்டை கட்டும்ங்க. இருங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

காத்திருந்த அந்த ஐந்து நிமிஷமும் நங்கையா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் திரும்ப வந்து, வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள், மூன்று நாள் பேசாமல் இருக்கட்டும், அப்போதும் சரியாகாவிட்டால் கூட்டிவாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் சொன்னதும் நங்கையா தோழியின் மேஜையிலிருந்து பேனாவை எடுத்து, காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினார். "மீன்." தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். மதியம் வரை எங்களை இருக்கவைத்து, மீன் வாங்கிவந்து வறுத்துப் போட்டுத்தான் பஸ் ஏற்றிவிட்டாள்.

நான்காம் நாள் குரல் வந்துவிட்டது. தடித்த, தாழ்ந்த அதே குரல்தான். ஆவணியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கும்மிக்கு வட்டம் கட்டியபோது நங்கையா பின்வரிசைக்குப் போகவில்லை. முதல் வரியைக் கீழிருந்து எடுத்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆம்பளக் கொரலாட்ட இருக்குதே" என்று ஒருத்தி சிரித்ததும் கேட்டது. நங்கையா பாட்டை நிறுத்தாமலே அவளைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து, "அப்ப நீ மேல பாடு" என்று நிறுத்திவிட்டார். அவள் மேலே பாட, இவர் கீழே பாட, அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் கும்மிக்கு இரண்டு முன்பாட்டு.

கார்த்திகையில் தோழி இரண்டு நாள் லீவு போட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராத்திரிச் சாப்பாடு தயாராகும் நேரத்தில், "ஏங்கக்கா, உங்க ஊர்ல ராத்திரிக்கு என்ன இருக்கு?" என்று நங்கையாவிடம் கேட்டாள். ஒன்பதுக்கெல்லாம் விளக்கணைக்கும் ஊர் இது, என்ன இருக்கப்போகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். நங்கையா அதற்குள் எழுந்து மொபெட் சாவியை எடுத்துவிட்டார்.

"லாரிக்குப் பாடி கட்டுற பட்டறைக்குப் போலாம் வா சாமி. ராத்திரில வெல்டிங் அடிக்கிறதப் பாத்துருக்கியா? மத்தாப்புத் தோத்துப்போகும். அங்க ஒருத்தர் பரோட்டா போடுறாரு."

"நானும் வாரனுங்க" என்றேன்.

"மொபெட்ல மூணு பேரு போகக் கூடாது அம்முணி. டீச்சருக்குச் சட்டம் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, தோழியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் என் கணவரும் வாசலில் நின்று, சிவப்பு விளக்கு ரோட்டு வளைவில் திரும்பும் வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து ரசத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.